இழுக்குதுன்னா மூச்சு இல்லை

போன மாதம் கௌசி வீட்டுக்கு வந்தாள். நான் வேலையை விடுகிற காலத்தில் அவசரப் பிரிவுக்குப் புதிதாக வந்த தாதி அவள். இன்று மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள், நல்லா இருக்கட்டும். கையில் ஒரு பெரிய தாளைச் சுருட்டி வைத்திருந்தாள். தோட்டங்களில் ஒட்டப் போகிறார்களாம். ஒருவர் திடீரென்று விழுந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று படம் போட்டு எழுதிய தாள்.

"தமிழ் சரியா இருக்கான்னு ஒருக்காப் பாருங்க மிஸ்" என்றாள்.

விரித்துப் பார்த்தேன். 'பாதிக்கப்பட்டவரிடம் அசாதாரண மூச்சுத்திணறல் காணப்படின்' என்று ஆரம்பித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"காணப்படினா? எந்த லயத்துலடி 'காணப்படின்'னு பேசுறாங்க?"

"மேல இருந்து வந்த மொழிபெயர்ப்பு மிஸ்."

"மேல இருந்து வந்தா? கீழ இருக்கிற உனக்குக் கண்ணு இல்லையா? 'இழுக்குது'ன்னு போடு. 'இழுத்தாலும் அது மூச்சு இல்ல, உடனே நெஞ்ச அமுக்குங்க'ன்னு போடு."

அவள் தயங்கினாள். "இழுக்குதுன்னா சாகப்போறதச் சொல்ற மாதிரி இருக்கே மிஸ். சுவத்துல ஒட்டினா சனம் ஏசாதா?"

ஏசட்டும். விஷயமே அதுதானே. கௌசி பதுளை டவுனில் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு ஆள் 'இழுத்துக்கிட்டு கெடக்கு' என்று சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்பதை அவள் நின்று பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். அவளிடம் அதைச் சொல்லத் தொடங்கினேன், பாதியில் குரல் உடைந்துவிட்டது. இந்த வயதில் ஒரு சின்னப் பிள்ளைக்கு முன்னால் அழுவது வெட்கமாக இருந்தது. அவளே அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, "எழுதிக் குடுங்க மிஸ், நாங்க கிளாஸ்ல வாசிக்கிறோம்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில். அம்மா கொழுந்து எடுத்தவர், அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். நான் படித்ததும், தாதியர் கல்லூரியில் இடம் கிடைத்ததும், சிங்களம் நாக்கில் உட்காரும்வரை விடுதியில் அழுததும் பெரிய கதை. அதை இங்கே நீட்ட மாட்டேன். முதலில் மொனராகலைப் பக்கம் போட்டார்கள். பாம்புக்கடியும் வெயிலும்தான் அங்கே எனக்குப் பாடம் சொன்னவை. பிறகு பதுளைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு மாறி வந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம்.

அந்த அவசரப் பிரிவுக்குத் தலைவராக ஒரு சிங்கள டொக்டர் வந்தார். நாங்கள் பெரிய டொக்டர் என்போம். ஒல்லியான மனுஷன், சத்தம் போட்டே பேசமாட்டார். ஏசுகிற டொக்டரைச் சமாளித்துவிடலாம். இவர் ஏசாமல், "இன்னொரு தடவை செய்வோமா?" என்று கேட்பார். அதற்குத்தான் எல்லாருக்கும் நடுக்கம்.

இதயம் நின்றவரை மீட்கிற உயர்நிலைப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. புதியவர்களுக்கு நீளமாக நடக்கும். ஏற்கனவே செய்து பழகியவர்களுக்குத் தனியாக ஒரு வகுப்பு. பெரிய டொக்டர் அந்தப் பழகியவர்கள் வகுப்பைத் தானே எடுப்பார். "புதியவர்கள் தெரியாமல் பிழை விடுவார்கள். நீங்கள் தெரிந்துகொண்டே விடுவீர்கள்" என்பார். உண்மைதான். எத்தனையோ பேரைப் பார்த்த கை எங்களுக்கு. நோயாளிக்குப் பதிலாக வைக்கிற பொம்மை கட்டிலில் கிடந்தவுடன் அந்தக் கை தானாகப் பாயும். அங்கேதான் அவர் பிடிப்பார்.

குழுவை நடத்துகிறவர் நோயாளியைத் தொடக் கூடாது என்பது அவருடைய சட்டம். கட்டிலின் கால்மாட்டில் நின்று, இதயத் துடிப்பைக் காட்டி ஷொக்கும் கொடுக்கிற பெட்டியின் திரையையும், அமுக்குகிறவரின் கையையும், மருந்து போடுகிறவரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். தொட்டுவிட்டால் பார்வை குறுகிவிடுமாம். எங்கள் கை சும்மா நிற்காது என்று தெரிந்து, தலைமை தாங்குகிறவர் கையில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய கோப்பையைக் கொடுத்துவிடுவார். சிந்தாமல் ஏந்திக்கொண்டே உத்தரவு போட வேண்டும். ஒரு வார்டுக்கே ராசா மாதிரி இருந்த டொக்டர்மார் எல்லாம் அந்தக் கோப்பையோடு விழித்த கோலத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

அடுத்த சட்டம், எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வது. உத்தரவை ஆள் பேர் சொல்லிக் கொடுக்க வேண்டும். வாங்கினவர் அதையே திரும்பச் சொல்ல வேண்டும். செய்து முடித்ததும் செய்தாச்சு என்று மறுபடி சொல்ல வேண்டும். "அட்ரினலின் ஒரு மில்லிகிராம் போடுங்க." "அட்ரினலின் ஒரு மில்லிகிராம் போடுறேன்." "போட்டாச்சு." கண்ணில் என்ன பட்டாலும் அப்படியே. தொண்டையில் இரத்தம் இருந்தால் இரத்தம் என்று கத்த வேண்டும். வாந்தி என்றால் வாந்தி. மனதுக்குள் வைத்துக்கொண்டு உறிஞ்சிக் குழாயைத் தேடினால், "உங்கள் கண் பார்த்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னொரு தடவை செய்வோமா?" என்பார். தோட்டத்தில் பிறந்த எனக்கு இதுதான் கஷ்டம். பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்தாமல் வளர்ந்த ஆள் நான். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினேன். பழகின பிறகு என்னை மாதிரிக் கத்துகிறவள் அந்தப் பிரிவிலேயே இல்லை என்று பேர் எடுத்தேன்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். ஆள் இறந்துவிட்டால் இறந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது. ஒருமுறை நான் ஒரு அம்மாவிடம் "ஐயா போயிட்டாருங்க" என்றேன். அந்த அம்மா, "எங்கங்க, கண்டிக்கா?" என்று கேட்டுவிட்டு, கூடப் போவதற்குப் பையை எடுத்தார். கடுமையான நோயாளியைக் கண்டிக்கு அனுப்புவது வழக்கம், அதைத்தான் நினைத்துவிட்டார். அன்றிலிருந்து நான் அந்தச் சொல்லைத் தொடுவதில்லை. சொல்லிய பிறகு அவர்கள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், கேட்காததை அந்த நேரத்தில் தலையில் கொட்டக் கூடாது. இதுவும் அவர் சொன்னதுதான்.

இப்போது ஆறுமுகம் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெலிமடைப் பாதையில் மேலே ஏறினதும் வருகிற ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள். காலைச் சாப்பாடு முடிந்து பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவர், குடத்தோடு அப்படியே சாய்ந்துவிட்டார். மனைவி செவனம்மா ஓடிப்போய்த் தூக்கியபோது கண் மேலே சொருகிவிட்டது. ஆனால் வாயைத் திறந்து திறந்து மூச்சை இழுத்தார். ஒரு இழுப்பு, நீண்ட நேரம் ஒன்றும் இல்லை, மறுபடி ஒரு இழுப்பு.

இதயம் நின்றவுடன் சிலருக்கு அப்படி வரும். அது மூச்சு இல்லை. நெஞ்சுக்குள் காற்று போய் வருவதில்லை, இரத்தம் ஓடுவதில்லை. மூளையின் அடிப்பகுதி சும்மா உதறுகிறது. இதைப் பார்த்த அந்த நிமிஷமே நெஞ்சை அமுக்கத் தொடங்கினால் ஆளை மீட்க இடம் உண்டு. வகுப்பில் எங்களுக்கு இதைப் படமாகப் போட்டுக் காட்டுவார்கள்.

லயத்தில் யாருக்கு யார் படம் காட்டினார்கள்? அங்கே இருந்தவர்கள் 'இழுக்குது' என்றார்கள். அவர்களுடைய தமிழில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம், உயிர் பிரிகிறது. உயிர் பிரிகிற ஆளை அலைக்கழிக்கக் கூடாது, தாகத்தோடு அனுப்பக் கூடாது. அவரை இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், பாய் விரித்துப் படுக்க வைத்துத் தலையைத் தெற்கே திருப்பினார்கள். ஒரு பெண் ஓடிப்போய்ப் பால் கொண்டுவந்தாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கரண்டியால் வாயில் விட்டார்கள். கடைசியாகச் செவனம்மா விட்டார். இழுப்பு நின்றது. அப்போதுதான் எங்கிருந்தோ வந்த ஆட்டோக்காரர் ஒருவர், "அடப்பாவிகளா, ஆஸ்பத்திரி கீழதானே இருக்கு, தூக்குங்க!" என்று கத்தி ஆளை வண்டியில் ஏற்றினார்.

எங்களிடம் வந்தபோது நாடி இல்லை. ஆனால் பெட்டியின் திரையில் இதயம் சாகவில்லை, ஒழுங்கில்லாமல் மெலிசாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஷொக் கொடுத்தால் திரும்புகிற வகை அது. பெரிய டொக்டர் கால்மாட்டில் நின்றார், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. நான் தலைமாட்டில், மூச்சு கொடுக்கிற வேலை எனக்கு. பக்கத்தில் ஒரு இளம் டொக்டர், குழாய் போடுவதற்காக. ஒரு தம்பி அமுக்கத் தொடங்கிவிட்டார்.

"எல்லாரும் விலகுங்க." விலகினோம். ஷொக். உடனே அமுக்கல். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அமுக்குகிற ஆள் மாறினார், பெட்டியைப் பார்த்தார்கள், மறுபடி ஷொக். அட்ரினலின் போட்டாச்சு என்று ஒரு குரல். நான் அவர் முகத்தில் முகமூடியை வைத்துக் காற்றுப் பையை அமுக்கினேன். நெஞ்சு எழும்பவில்லை. உள்ளே களகளவென்று சத்தம் வந்தது.

"காற்று போகல!" என்று கத்தினேன்.

இளம் டொக்டர் விளக்கோடு தொண்டைக்குள் பார்த்தார். பார்த்ததை, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடியே, உரக்கச் சொன்னார். "கிரி! கிரி தியெனவா!"

கிரி என்றால் சிங்களத்தில் பால். உறிஞ்சிக் குழாயைக் கொடுத்தேன். வெள்ளையாக ஏறி வந்தது. இன்னும் வந்தது. "கிரி" என்று அவர் மறுபடி சொன்னார், நானும் சட்டப்படி திரும்பச் சொன்னேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் செவனம்மா நின்றுகொண்டிருந்தார். மலைநாட்டில் பிறந்த எந்தத் தமிழ்ப் பெண்ணுக்குக் கிரி என்ற சொல் தெரியாது? பால் பவுடர் பாக்கெட்டிலேயே எழுதியிருக்கிறதே.

குழாய் உள்ளே போனது, நெஞ்சு எழும்பியது. அடுத்த ஷொக்குக்குப் பிறகு நாடியும் வந்தது. என் விரலுக்குக் கீழே கழுத்தில் துடித்தது, நானே பிடித்துப் பார்த்தேன். "நாடி இருக்கு!" என்று நான் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும். பெரிய டொக்டர் தலையை மட்டும் அசைத்தார். கொஞ்ச நேரம்தான். மறுபடி நின்றது. மறுபடி தொடங்கினோம். கடைசியில் திரையில் ஒரு கோடு மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, "நாம் விட்டது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். என்னையும் கேட்டார். இல்லை என்றேன்.

வெளியே வாங்கில் செவனம்மா உட்கார்ந்திருந்தார். பெரிய டொக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார், நான் முன்னால் குந்தினேன். அவர் சிங்களத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். "அம்மா, உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரு."

அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "மிஸ்ஸி, அந்த டாக்டரு தம்பி கிரி கிரின்னு கத்துச்சே. நான் ஊத்துன பாலா? நான் ஊத்துன பாலுதான் அவரக் கொன்னுச்சா?"

பெரிய டொக்டரிடம் சொன்னேன். அவர் சின்னச் சின்ன வாக்கியமாக, நான் மொழிபெயர்க்க வசதியாகச் சொன்னார். "பால் கொல்லவில்லை. பீலியில் விழுந்தபோதே இதயம் நின்றுவிட்டது. பால் அதற்குப் பிறகுதான் வந்தது."

"அப்ப இழுத்துக்கிட்டு கெடந்தாரே? உசுரு இல்லாமலா இழுக்கும்?"

"அது மூச்சு இல்லை. அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது."

செவனம்மாவின் முகத்தில் ஒரு ஆறுதல் வந்த மாதிரி இருந்தது. நானும் பெருமூச்சு விட்டேன். அடுத்த நொடியே அந்த முகம் இடிந்து போனது.

"அப்ப அவரு குடிக்கலையா மிஸ்ஸி? ஒண்ணும் தெரியாத வாயிலயா ஊத்தினேன்? எங் கையால ஒரு சொட்டுப் பாலு அவருக்குள்ள எறங்கலையா?"

ஐயோ, அந்தக் கேள்வியை நான் எந்த மொழியில் எப்படித் திருப்புவேன்? அவர் உயிரோடு குடித்தார் என்றால், உயிரோடு இருந்த ஆளின் மூச்சுக் குழாயில் பாலை ஊற்றினது இவர். அப்போதே உயிர் இல்லை என்றால், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனுஷனைத் தாகத்தோடு அனுப்பினது இவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் இவருக்குத்தான் அடி. நான் பெரிய டொக்டரிடம் கேள்வியையும் சொன்னேன், அதன் பின்னால் இருப்பதையும் சொன்னேன். எதற்கும் உடனே பதில் வைத்திருக்கிற மனுஷன், "தன்னே நே" என்றார். தெரியாது. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"டொக்டருக்கே தெரியலையாம், அம்மா" என்றேன்.

"தெரியலன்னா, குடிச்சிருக்கலாந்தானே?"

"குடிச்சிருக்கலாம்மா."

அவர் அதை வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்கவில்லை. கேட்காததை நாங்களும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த பழகியவர்கள் வகுப்பில் பெரிய டொக்டர் பொம்மையைத் தொடவே இல்லை. பலகையில் சிங்கள எழுத்தில் 'இழுக்குது' என்று எழுதினார். ழகரம் வராமல் 'இலுக்குது' என்றுதான் வாசித்தார். "நமக்கு அனுபவம் எல்லாம் கடைசி அறையில். முதல் அறை அவர்களுடைய இஸ்தோப்பு. அங்கே போகாமல் இங்கே எத்தனை தடவை செய்தும் பிரயோசனம் இல்லை" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவது என்று முடிவானது. முதல் தோட்டம் ஆறுமுகத்தின் தோட்டம்.

நான் வேண்டாம் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "டொக்டர், அமுக்கியிருந்தால் பிழைத்திருக்க இடம் உண்டு என்பதை அந்த அம்மா நம்ம பொம்மையைப் பார்த்துத்தானா தெரிஞ்சுக்கணும்? பாலுக்கே அவ்வளவு துடிச்சாங்க." அவருக்கும் அது புரிந்தது. "அந்த லயத்தில் நாளைக்கு இன்னொருவர் விழலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றார். நானும் கூடப் போனேன்.

கொழுந்துக்குப் போகிற அம்மாமார் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில்தான் கூட்டம். கைப்பிள்ளைகளின் ஏணைகளை ஒரு பக்கமாகச் சுருட்டிக் கட்டிவிட்டு, பாய் விரித்து, நடுவில் பொம்மையைப் படுக்க வைத்தோம். சனம் நிறைய வந்தது. செவனம்மா வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். வந்தார். பின்னால் சுவரோரம் உட்கார்ந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது.

பெரிய டொக்டர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ஆள் விழுந்தா கூப்பிட்டுப் பாருங்க. பதில் இல்லைன்னா வண்டிக்கு ஒரு ஆளை விரட்டுங்க. இழுக்குதுன்னா மூச்சு இல்லை, உடனே நடு நெஞ்சுல அமுக்குங்க. வண்டி வரும்வரைக்கும் விடாதீங்க. இதைச் சொல்லும்போது நான் பின்சுவரைப் பார்க்கவே இல்லை.

ஆறுமுகத்தின் சித்தப்பா, நல்ல வயசாளி, எழுந்தார். "எல்லாம் சரிங்க மிஸ்ஸி. அப்ப பாலு? வாய் நனையாம போற உசுரு தாகத்தோட அலையாதுங்களா? நெஞ்சப் போட்டு இடிச்சிக்கிட்டே இருந்தா பாலு எப்பங்க ஊத்துறது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஊற்றாதீர்கள் என்பதுதான் பதில். அந்தச் சொல்லை அந்த இடத்தில், சுவரோரம் இருந்தவரின் காதில் விழ, நான் எப்படிச் சொல்வேன்? கிழவர் என்ன கேட்கிறார் என்று பெரிய டொக்டர் என்னைத் தட்டிக்கொண்டிருந்தார்.

செவனம்மா எழுந்தார்.

"பாலு பொறவும் ஊத்தலாம் சின்ன மாமா. நானும் பொதச்ச மறுநாளு குழியில ஊத்தினேந்தானே. அமுக்குறத குழியில போயி அமுக்க முடியுங்களா?"

அவர் ஆட்களைத் தாண்டி முன்னால் வந்து பொம்மைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். நான் அவர் கையைப் பிடித்துப் பொம்மையின் நடு நெஞ்சில் வைத்து, அதன்மேல் மற்றக் கையை வைத்து, முழங்கையை மடக்காமல் அமுக்கச் சொன்னேன். கொழுந்து எடுத்துக் காய்த்த கை, நல்ல பலம். சரியாக அமுக்கினால் பொம்மைக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். முதல் அமுக்கிலேயே வந்தது. விடாமல் அமுக்கினார், கண்ணீர் பொம்மை மேல் விழ விழ அமுக்கினார். நான் எண்ண வேண்டும், என்னால் முடியவில்லை. பெரிய டொக்டர்தான் தன் தமிழில் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணினார்.

செவனம்மா கையை எடுக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"இவ்வளவுதானா மிஸ்ஸி?"

"இவ்வளவுதாம்மா" என்றேன்.